சைலன்சரை மாற்றினீர்களா? ஆயிலைப் பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய நூறு சிசி பைக்கில், கம்பெனியிலிருந்து வந்த சைலன்சர் அப்படியே இருப்பது அரிது. அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழும். கொஞ்ச நாள் வெல்டிங் வைத்து ஓட்டுவார்கள். பிறகு கடையில் கிடைக்கும் வேறொரு சைலன்சர் ஏறும். புல்லட் வைத்திருப்பவர்கள் சத்தத்துக்காகவே ‘ஷார்ட் பாட்டில்’, ‘இந்தோரி’ என்று மாற்றுவதும் உண்டு. காரணம் எதுவானாலும், மாற்றியவுடன் நம் காதுக்கு எட்டுவது சத்தம் மட்டும்தான். இன்ஜினுக்கு நடப்பது அதைவிட அதிகம். சைலன்சர் மாறினால் சிலிண்டருக்குள் எரியும் தீ மாறுகிறது. தீ மாறினால் அடியில் கிடக்கும் ஆயிலின் ஆயுளும் மாறுகிறது. இந்தத் தொடர்பைப் புரிந்துகொண்டவருக்கு, எந்த ஆயில் ஊற்றுவது, எப்போது மாற்றுவது என்ற கேள்விகளுக்கு வண்டியே பதில் சொல்லும்.

திருப்பூருக்கு இது மிகவும் வேண்டிய அறிவு. இங்கே ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நிட்டிங்கில் துணியாகி, சாயப்பட்டறைக்குப் போய், காம்பாக்டிங் முடிந்து, கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு இடையே நகர்ந்துகொண்டே இருக்கும். பெரிய சுமை டெம்போவில் போகும். சாம்பிள் பீஸ், லேபிள், நூல் கோன், குறைந்துபோன பத்து டஜன் என்று மீதியெல்லாம் டூ வீலரில்தான். காதர்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும், அனுப்பர்பாளையத்துக்கும் பெருமாநல்லூர் ரோட்டுக்கும் இடையே ஒரே நாளில் பல முறை ஸ்டார்ட் செய்து பல முறை அணைக்கப்படும் வண்டிகள் இவை. பல ஓட்டங்கள் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் சீராக ஓடும் வண்டியைவிட இந்த வண்டியின் ஆயில் படும் பாடு பெரிது.

படலம் சுமை தாங்கும் விதம்

இங்கே நன்கு பழக்கமான ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1994-இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரின் இன்ஜின் 97.2 சிசி. சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 49.5 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் பிஸ்டன் நொடிக்குச் சராசரியாக 8 மீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்த ஒரு நொடிக்குள் அது 166 முறை நின்று திரும்புகிறது. இத்தனை ஓட்டத்திலும் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் உரசித் தேயாமல் காப்பது இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலம்.

அந்தப் படலம் சுமை தாங்கும் விதம் 1880-களில்தான் தெளிவானது. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பியூசாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தார். சுமை ஏறிய பேரிங்கின் உச்சியில், எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே இறங்கவில்லை. வெளியே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், மரக்கட்டை வைத்து அடைத்தார். இரண்டையும் எண்ணெய் தள்ளி வெளியேற்றியது. அழுத்தமானி பொருத்திப் பார்த்தபோது, பேரிங் மேல் ஏற்றியிருந்த சராசரி அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு எண்ணெய்க்குள் இருந்தது. 1886-இல் மான்செஸ்டரில் பணியாற்றிய ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். ஓடும் உலோகம் தன்னோடு எண்ணெயை இழுத்துச் செல்கிறது. இடைவெளி குறுகும் இடத்தில் அந்த எண்ணெய் நெருக்கப்பட்டு, எதிரிலிருக்கும் உலோகத்தையே தூக்கி நிறுத்துகிறது.

இன்ஜினுக்குள் இந்தப் படலம் பெரும்பாலும் சில மைக்ரான் கனம்தான். திருப்பூர்க்காரருக்குத் தெரிந்த அளவுகோலில் சொன்னால், நூலிலிருந்து பிரித்தெடுத்த ஒற்றைப் பருத்தி இழையின் அகலம் ஏறக்குறைய 12 முதல் 20 மைக்ரான். அந்த இழையைவிட மெல்லிய எண்ணெயின் மேல்தான் வண்டி ஓடுகிறது. தூசியும் கரித்துகளும் ஆயிலில் சேரக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

படலம் உருவாக மூன்று வேண்டும்: உலோகம் ஓடும் வேகம், ஆயிலின் கெட்டித்தன்மை, தாங்கக்கூடிய சுமை. இம்மூன்றின் உறவை ஜெர்மனியின் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902-இல் வரைபடமாக்கினார். பிஸ்டன் நின்று திரும்பும் கணத்தில் வேகம் பூஜ்ஜியம். அங்கே படலம் கிழிகிறது. அந்த இடத்தைக் காப்பதற்காக ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஒரு சேர்க்கை இருக்கிறது; 1940-களிலிருந்து இன்ஜின் ஆயிலில் சேர்க்கப்படுவது. உரசலும் சூடும் சேரும்போது அது உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற நுண்பூச்சாகப் படிகிறது. உலோகத்துக்குப் பதில் அந்தப் பூச்சு தேய்கிறது, மீண்டும் படிகிறது. இப்படிப் படிந்து படிந்து ஆயிலில் அந்தச் சேர்க்கை தீர்ந்துபோகிறது. ஆயில் மாற்றுவதன் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. டிப்ஸ்டிக்கில் அளவு சரியாகவே இருக்கும். அதற்குள் இருந்த மருந்து முடிந்திருக்கும்.

சைலன்சரை அரித்த தண்ணீர்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாவதுதான் கணக்கு. வண்டி நன்றாகச் சூடேறி ஓடும்போது இந்த ஆவி சைலன்சர் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியின் சைலன்சர் சூடேறுவதற்குள் இன்ஜின் அணைந்துவிடுகிறது. ஆவி உள்ளேயே தண்ணீராகிறது. எரிதலில் உண்டான நைட்ரஜன் ஆக்சைடுகளும் கொஞ்சம் கந்தகமும் அதில் கரைந்து மெல்லிய அமிலமாகின்றன. சைலன்சர் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே, அதுவும் தாழ்ந்த அடிப்பக்கத்தில் ஓட்டை விழுவது இதனால்தான்.

இதே ஆவியில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. வருடங்கள் ஓடித் தேய்ந்த ரிங் என்றால் இன்னும் அதிகம். குளிர்ந்த கிராங்க் கேஸின் சுவரில் அது தண்ணீராகி ஆயிலில் கலக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்பக்கம் வெளிர்பழுப்பாகப் பால்கோவா நிறத்தில் பசை ஒட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது தண்ணீரும் ஆயிலும் கலந்த பால்மம். ஆயில் தண்ணீரின் கொதிநிலைக்கு அருகில் சூடாகி, சிறிது நேரம் அந்தச் சூட்டில் ஓடினால்தான் அந்த நீர் ஆவியாகிக் காற்றுப்போக்கிக் குழாய் வழியே வெளியேறும். சின்னச் சின்ன ஓட்டங்களில் அது நடப்பதேயில்லை.

ஆகவே, துருப்பிடித்த சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாற்றுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சைலன்சரை அரித்த அதே தண்ணீரும் அமிலமும் இத்தனை நாள் ஆயிலுக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தன. ஆயிலில் அமிலத்தை முறிக்கும் காரச் சேர்க்கைகள் உண்டு. அவையும் அளவோடுதான் இருக்கின்றன. சைலன்சர் ஓட்டை விழுந்தது ஆயிலும் களைத்துவிட்டது என்பதற்கு ஓர் அறிகுறி. இரண்டையும் ஒரே நாளில் மாற்றுவது நல்லது.

புது சைலன்சர், புதுக் கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கணத்தில், எக்ஸாஸ்ட் குழாயில் ஓடும் அழுத்த அலைகள் சிலிண்டருக்குள் எவ்வளவு புகை தங்குகிறது, எவ்வளவு புதுக் காற்று நுழைகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. கம்பெனி சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் தடுப்புத் தகடுகளும் துளைக் குழாய்களும் சத்தத்தை அடக்குவதோடு இந்த அலைகளையும் வடிவமைக்கின்றன. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் அளவும் ஊசியின் உயரமும் அந்த அலைகளுக்கு ஏற்பப் பொருத்தப்பட்டவை.

சைலன்சரை மாற்றும்போது கார்புரேட்டருக்கு யாரும் தகவல் சொல்வதில்லை. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சாரும் இருப்பதால், அவை ஓரளவு தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதி இல்லை. தடுப்பு குறைந்த நேர்வழிச் சைலன்சர் வந்தால் பெரும்பாலும் கலவையில் காற்றுப் பங்கு கூடி, பெட்ரோல் பங்கு குறைகிறது. மெக்கானிக்குகள் ‘லீன்’ ஆகிவிட்டது என்பது இதைத்தான்.

பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் வேண்டும். சுமையில் ஓடும்போது காற்றால் குளிரும் இன்ஜின்கள் இதைவிடச் சற்றுக் கூடுதல் பெட்ரோல் பெறும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்த உபரி உள்ளே சூட்டைத் தணிக்கிறது. லீன் ஆகும்போது அந்தத் தணிப்பு போய்விடுகிறது. இதன்மேல் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. 2025-க்குள் நாட்டின் பெட்ரோல் 20 சதவீத எத்தனால் கலந்ததாக மாறிவிட்டது. எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன்தான். அதனால் இந்தக் கலவை எரியச் சுமார் 13.6 பங்கு காற்றே போதும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு அளந்து பொருத்திய பழைய ஜெட்டில் இந்தப் பெட்ரோல் ஓடினால், சைலன்சரைத் தொடாமலேயே வண்டி லீன் பக்கம் நகர்கிறது. சைலன்சரையும் மாற்றினால் இரண்டும் ஒரே திசையில் கூடுகின்றன.

சூட்டுக்கு ஆயில் கொடுக்கும் விலை பெரிது. ஆயில் காற்றோடு வினைபுரிந்து கெடும் வேகம், சூடு 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியலில் நெடுநாளாகப் பயன்படும் கணக்கு. 20 டிகிரி கூடினால் கெடும் வேகம் நான்கு மடங்கு. கெட்ட ஆயில் முதலில் தடித்து, பிறகு பிசினாகி ரிங் காடிகளில் ஒட்டிக்கொள்கிறது. ரிங் அசைய முடியாமல் சிக்கினால் புகை கீழே இறங்குவதும், ஆயில் மேலேறி எரிவதும் ஒன்றாகத் தொடங்கும்.

பனியன் ஊரின் பஞ்சும் இதில் சேர்கிறது. நிட்டிங், கட்டிங் பக்கம் நிற்கும் வண்டியின் ஏர் ஃபில்டரிலும், சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் தகடுகளிலும் பஞ்சுத் தூசி படிகிறது. கேஸ்கெட் வழியே ஆயில் கசிந்த இடத்தில் அது பிடித்துக்கொண்டு கம்பளி போல மூடிவிடும். பருத்தி சூட்டை எளிதில் கடத்தாது. காற்று பட்டுக் குளிர வேண்டிய உலோகம் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஆயில் மாற்றும் நாளில் அந்தத் தகடுகளைத் துடைத்துவிடுவது ஆயிலுக்கே செய்யும் உதவி.

லீன் என்று தெரிந்ததும் சிலர் ஒரேயடியாகப் பெரிய ஜெட் போட்டுவிடுவார்கள். அப்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு ஆயிலுக்குள் இறங்குகிறது. ஆயில் நீர்க்கிறது, படலம் மெலிகிறது. ஆயில் குறையாமல் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போனால் மகிழ்ச்சியடையக் கூடாது. பெட்ரோல் கலக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மறுபக்கம், மலிவான சில சைலன்சர்களுக்குள் குழாய் சிறியதாகவோ சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் புகை வெளியேற முடியாமல் தங்கி, இன்ஜின் வேறு விதமாகச் சூடாகும். எந்தத் திசையில் பிசகியது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ஸ்பார்க் பிளக் சொல்லிவிடும்.

“அண்ணா, சைலன்சர் மாத்துனதுக்கப்புறம் வண்டி ரொம்பச் சூடாகுதுங்க” என்று போய் நின்றால், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பிளக்கைத்தான் கழற்றுவார். “பாருங்க தம்பி, வெள்ளையா இருக்குது. பெட்ரோல் பத்தலீங்க” என்பார். முனை வெளுத்திருந்தால் லீன். காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். ஈரமாக எண்ணெய் மின்னினால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது. காப்பி நிறமாக இருந்தால் தீ சரியாக எரிகிறது. த்ராட்டிலை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தால், இன்ஜினோடு குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் கசிந்து வெளிக்காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சத்தத்துக்காக மாற்றுபவர்களுக்கு இன்னொரு நட்டமும் உண்டு. டேப்பட் சத்தம், கேம் செயின் சத்தம் என்று இன்ஜின் தன் நோயை முதலில் ஒலியாகத்தான் சொல்கிறது. ஆயில் குறைந்தால் அந்தச் சத்தம் கூடும். அலறும் சைலன்சருக்குள் அது கேட்காமல் போகும். சட்டமும் தெளிவாக இருக்கிறது. 80 முதல் 175 சிசி வரையான புதிய டூ வீலருக்குத் தயாரிப்பு நிலையில் 77 டெசிபல்தான் வரம்பு. ஒலி விதியை மீறி ஓட்டினால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. மாற்றுச் சைலன்சர் வாங்கும்போது அந்த மாடலுக்கே செய்யப்பட்டதையும், உள்ளே தடுப்புகள் உள்ளதையும் தேர்ந்தால் சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் நல்லது.

எந்த ஆயில்?

ஆயில் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர் இந்த ஊரின் நிட்டிங் மெஷினைப் பார்த்தால் போதும். 30 அங்குல விட்டமும் 24 கேஜும் கொண்ட ஒரு வட்ட நிட்டிங் மெஷினில் 2,200-க்கு மேற்பட்ட ஊசிகள் ஓடுகின்றன. அவற்றுக்கு விடும் நீடில் ஆயில் வெளிர்நிறத்தில், தண்ணீர் போல் மெலிதாக இருக்கும். துணியில் பட்டாலும் துவைக்கும்போது கழன்று போகும்படி அது செய்யப்பட்டது. இன்ஜின் ஆயிலின் வேலை இதற்கு நேர் எதிரானது. கரியையும் அழுக்கையும் தன்னிலிருந்து போகவிடாமல், தனக்குள் மிதக்கவைத்துப் பிடித்துக்கொள்ளும் சேர்க்கைகளோடு அது செய்யப்பட்டது. அதனால் ஆயில் கறுப்பது மட்டும் கெட்டதற்கு அடையாளமாகாது. தன் வேலையைச் செய்கிறது என்பதும் அதன் பொருள். ஒவ்வோர் ஆயிலும் ஒரு வேலைக்காக வடிவமைத்த உதிரிபாகம். பிஸ்டனுக்கு அளவு பார்ப்பதைப் போல ஆயிலுக்கும் பார்க்க வேண்டும்.

டப்பாவில் 20டபிள்யூ-40 என்றிருந்தால், முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கும். முதல் எண்ணுக்கான சோதனைகள் உறைநிலைக்கு வெகு கீழே நடப்பவை. மார்கழியிலும் திருப்பூரில் அந்தக் குளிர் வராது. எனவே இங்கே முக்கியம் இரண்டாவது எண். 40 என்றால் 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை, 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. கையேடு எதைச் சொல்கிறதோ அதிலிருந்து தொடங்க வேண்டும். தேய்ந்த இன்ஜின் ஆயில் குடித்தால் ஒரு படி கெட்டியான ஆயில் சற்று உதவும். அதற்கு மேல் கெட்டியானால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆயில் மேலே கேம் வரை ஏறத் தாமதமாகும். அந்தத் தாமதத்திலும் தேய்மானம் உண்டு.

பைக் ஆயிலுக்கும் கார் ஆயிலுக்கும் உள்ள வேறுபாடு கிளட்சில் இருக்கிறது. நம் சாதாரண பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. கிளட்ச் தகடுகள் ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். புதிய கார் ஆயில்கள் சிலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக வழுக்கலைக் கூட்டும் சேர்க்கைகள் உண்டு. அவை கிளட்சை வழுக்கவைக்கும். இதனால்தான் ஜப்பானிய வாகனத் தரக் கழகம் 1998-இல் டூ வீலருக்கென்று ஜாசோ தரத்தைக் கொண்டுவந்தது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்றிருக்க வேண்டும். எம்பி என்றால் உராய்வு குறைந்த வகை. கிளட்ச் ஆயிலில் ஓடாத ஸ்கூட்டர்களுக்கானது. மேலும், கியர் பற்கள் ஆயிலைக் கெட்டியாக வைத்திருக்கும் நீண்ட பாலிமர் சங்கிலிகளை அரைத்து வெட்டுகின்றன. 40 ஆக ஊற்றிய ஆயில் மெல்ல 30-இன் எல்லைக்கு இறங்கும். பைக் ஆயிலின் தரத்தில் இந்த வெட்டைத் தாங்கும் சோதனையும் உண்டு. பெயரில்லாத லூஸ் ஆயிலில் இவை எதற்கும் உத்தரவாதமில்லை.

வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் இதில் தனி வகை. 346 சிசி, 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் நீள ஸ்ட்ரோக். அதில் இன்ஜின் ஆயில், கிளட்ச் இருக்கும் பிரைமரி கேஸ் ஆயில், கியர் பாக்ஸ் என்று மூன்றும் தனித்தனி. ஒன்றை மாற்றிவிட்டு மூன்றும் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இன்ஜினுக்குள்ளும் ஆயில் ஓர் அறையில் தங்கி, ஒரு பம்ப் அதை மேலே அனுப்ப, இன்னொரு பம்ப் கீழே சேர்ந்ததைத் திரும்ப எடுத்து வரும். பல நாள் நின்ற புல்லட்டில் ஆயில் மெல்ல கிராங்க் பக்கம் இறங்கிவிடுவதால் டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும். உடனே ஊற்றினால் அளவு மிஞ்சும். சற்று ஓடவிட்டு, திரும்பிய பிறகு பார்ப்பதுதான் முறை.

வடிக்கும்போது படிக்க வேண்டியவை

ஆயிலை வடிப்பதற்கு முன் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிவர வேண்டும். வழக்கமான 20டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் எட்டு மடங்குக்கு மேல் நீர்த்து ஓடும். அடியில் படிந்த கசடும் கலங்கி அதோடு வெளியே வரும். பிறகு சைலன்சர் குழாய் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். மாற்றிய சைலன்சரில் குழாயின் வளைவு டிரெயின் போல்டுக்கு நெருக்கமாக வந்திருக்கலாம். கை சுடும், வடியும் ஆயில் குழாயில் பட்டுப் புகையும். வண்டி சென்டர் ஸ்டாண்டில், அகன்ற தட்டு கீழே, கையில் கையுறை. எரிதலில் பிறந்த புற்றுநோய்க் காரணிகள் பழைய ஆயிலில் உண்டு. தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

வடியும் ஆயிலைக் கவனியுங்கள். பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தால் ஜெட் பெரிதாக இருக்கிறது, அல்லது சோக் முழுதாக விடுபடவில்லை. பால் நிறம் தெரிந்தால் தண்ணீர். சுட்ட வாசனையோடு கெட்டியாக இறங்கினால் அளவுக்கு மீறிய சூடு. போல்டின் முனையில் மிக மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது பழைய இன்ஜினில் இயல்பு. விரலில் தட்டுப்படும் செதில் இருந்தால் ஏதோ பாகம் உடைகிறது. அலுமினியமாக மின்னினால் பிஸ்டன் பக்கமும், மஞ்சளாக மின்னினால் புஷ் பக்கமும் பார்க்க வேண்டும்.

இன்னும் தெளிவாக அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு துளி பழைய ஆயிலை வெள்ளை வடிகட்டித் தாளில் விட்டு, சில மணி நேரம் படுக்கை வாக்கில் வைத்துவிட வேண்டும். கரி சீராகப் பரவி, நடுவிலிருந்து ஓரம் வரை மெல்ல வெளுத்துப்போனால் அழுக்கைச் சுமக்கும் சக்தி இன்னும் இருக்கிறது. நடுவில் கறுப்பு வட்டம் கூர்மையான விளிம்போடு நின்றுவிட்டால் அந்தச் சக்தி தீர்ந்துவிட்டது. வெளியே அகலமான தெளிந்த வளையம் விரிந்தால் பெட்ரோல் கலந்திருக்கக்கூடும். கையில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டில் இதைச் செய்ய வேண்டாம். நிட் துணியின் கண்ணிகள் ஆயிலை ஒரு திசையில் அதிகம் இழுக்கும். துணிக்கு ஏற்றிய சாஃப்ட்னரும் முடிவைக் குழப்பும்.

ஸ்பிளெண்டர் வகை இன்ஜினில் காகித ஃபில்டர் இல்லை. ஒரு கம்பிவலையும், கிராங்க் முனையில் சுழலும் கிண்ணமும்தான் ஃபில்டர். சுழலும்போது கனமான துகள்கள் கிண்ணத்தின் சுவரில் அப்பிக்கொள்ளும். ஆயிலை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் கசடு போகாது. பெரிய சர்வீஸில் வலப்பக்கக் கவரைத் திறந்து இரண்டையும் சுத்தம் செய்ய வேண்டும். டிரெயின் போல்டுக்குப் புது வாஷர் போட்டு, அளவோடு முறுக்க வேண்டும். மரை அலுமினியத்தில் இருக்கிறது, பலம் காட்டினால் பிய்ந்துவிடும். புது ஆயில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து அளவு பார்க்க வேண்டும். இந்த வகை இன்ஜினில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்துத்தான் பார்ப்பது.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் நொய்யல், இந்த ஊரின் வளர்ச்சிக்கு விலை கொடுத்த ஆறு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறையை நிறைவேற்றிக் காட்டியே அவை மீண்டன. அந்தப் பாடத்தை இவ்வளவு கடினமாகக் கற்ற ஊரில், பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதற்கு மன்னிப்பே இல்லை. எண்ணெய் நீரின் மேல் மெல்லிய ஏடாகப் பரவி ஆக்சிஜன் இறங்குவதைத் தடுக்கும். தேய்ந்த உலோகமும் எரிதலின் நச்சும் மண்ணில் தங்கும். கரையானுக்கு மருந்தென்று மரத்தில் பூசுவதும், அடுப்பில் எரிப்பதும் அதே நச்சை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான்.

2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பழைய ஆயிலை அபாயக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. 2024 ஏப்ரல் 1 முதல், விற்ற ஆயிலில் ஒரு பங்கு மறுசுத்திகரிப்புக்குத் திரும்புவதை உறுதி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் வந்திருக்கிறது. அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. இன்ஜினில் தீர்ந்துபோவது பெரும்பாலும் சேர்க்கைகள். அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி நல்லபடியாகவே இருக்கிறது. அழுக்கையும் நீரையும் பிரித்து மறுபடி காய்ச்சி வடித்தால் அது மீண்டும் ஆயிலாகும். வீட்டில் மாற்றுபவர்கள் பழைய ஆயிலைத் தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல், அது வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, பதிவு பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்ப்பதே சரி.

சைலன்சர் மாற்றிய வண்டிக்கு நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். மாற்றிய அன்றே புது ஆயில் ஊற்றுங்கள். சில நாள் ஓட்டியபின் பிளக்கைப் பார்த்து கார்புரேட்டரைச் சரிசெய்யுங்கள். அடுத்த ஆயிலைக் கையேடு சொல்லும் தூரத்தில் பாதியிலேயே வடித்து, நிறம், வாசனை, தாள் சோதனை மூன்றையும் பாருங்கள். நன்றாக இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம். இல்லையென்றால் அந்தப் பாதித் தூரமே உங்கள் வண்டியின் கணக்கு. குறுகிய ஓட்டம் மட்டுமே போகும் வண்டியை வாரத்துக்கு ஒரு முறையாவது அவிநாசி வரையோ பல்லடம் வரையோ ஒரே மூச்சில் ஓட்டிவந்தால், உள்ளே சேர்ந்த நீர் வெளியேறும். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஜாப் ஒர்க் பார்ப்பவருக்கு வண்டி நிற்கும் நாள் வருமானம் நிற்கும் நாள். இன்ஜினைப் பிரித்து போர் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால், ஒரு லிட்டர் ஆயிலும் அதை வடிக்கும்போது செலவிடும் அரை மணி நேரக் கவனமும் மிகச் சிறிய தொகை.